இதோ வந்துட்டேன்

அந்த வீட்டில் ஒரு காலத்தில் மனிதர்கள் இரண்டு பேர், பேசும் பெட்டிகள் நாற்பத்து மூன்று. ரேடியோப் பெட்டி என்று யாராவது சொல்லிவிட்டால் லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்று கோபம் வரும். கேட்க மட்டும் தெரிந்த பெட்டிக்கும், கேட்கவும் பேசவும் தெரிந்த பெட்டிக்கும் வித்தியாசம் புரியாதவர்களோடு அவர் பேச்சை வளர்ப்பதே இல்லை. அவருடையவை எல்லாம் இருவழி வயர்லெஸ் செட்டுகள். டாக்ஸி கம்பெனி கழித்துப்போட்டவை, படகுகளிலிருந்து கழற்றியவை, காவலாளிகள் இடுப்பில் தொங்கவிட்டே தேய்த்தவை என்று அலமாரியில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் தைத்த துணி உறை உண்டு. தைத்தது அவர் மனைவி. தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணிகள் எல்லாம் அந்தப் பெட்டிகளுக்குச் சட்டையாகிவிடும். வீட்டில் புருஷனுக்கு நாலு சட்டை, டப்பாவுக்கு நாற்பது என்று அந்த அம்மாள் வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டில் ஏறி இறங்குகிறவர் இல்லை. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வழியில் லிஃப்ட் நின்று ஆள் மாட்டிக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மாதிரி நேரத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது லிஃப்டை அல்ல, ஆளை என்பார். உள்ளே கதவைக் குத்திக்கொண்டும் கத்திக்கொண்டும் இருப்பவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். "கொஞ்சம் பொறுங்க, இதோ வந்துட்டேன்." அதைக் கேட்டதும் கத்தல் நின்றுவிடும். மனிதர் கதவை விட்டு விலகித் தரையில் உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். சொன்ன பிறகு போகாமல் இருந்தது அவர் சர்வீஸில் ஒரு தடவைகூடக் கிடையாது. இதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

அந்தப் பேச்சு ஓய்வுக்குப் பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. பழுதான செட்டைப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டு நோயாளியிடம் பேசுவதுபோல் பேசுவார். எங்க வலிக்குது கண்ணு, இங்கயா, கொஞ்சம் பொறு, இதோ வந்துட்டேன் என்று ஓயாமல் ஒரு முணுமுணுப்பு. சாப்பிடக் கூப்பிட வரும் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, "என்னை ஒரு நாளாவது கண்ணுன்னு கூப்பிட்டிருக்கீங்களா?" என்பாள். இவர் தலையை நிமிர்த்தாமலே, "நீ எப்ப ரிப்பேரான?" என்பார்.

அந்த அம்மாளுக்குத் தையற்கடை இரண்டு தெரு தள்ளி. நடந்தால் நான்கு நிமிடம். கடையில், தையல் மெஷினுக்கு மேலே சுவரில், சின்ன செட் ஒன்றை மாட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் அவர் ரிப்பேர் மேசைக்குப் பின்னால், இன்னொரு பெரிய மேசையில், பெரிய செட். காற்றில் பேச உரிமம் வேண்டும், உரிமத்துக்குப் பரீட்சை எழுத வேண்டும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். அவளுக்கு அவரைவிடப் பதினோரு மார்க் கூட. இந்தச் செய்தி ஊரில் தெரியாதவர் இல்லை, ஏனென்றால் அவர்கள் பேசிய அலைவரிசையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் இதே பைத்தியம் பிடித்தவர்கள். காலை ஏழு மணிக்குப் பல் டாக்டர் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் ஆஜர் சொல்ல, சங்கம் கூடிவிடும்.

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு. பேசி முடித்தவர் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர் வாயைத் திறக்கலாம். டெய்லரம்மாவுக்கு அது மட்டும் வராது. என்னங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். இவரும் இங்கே சும்மா இருப்பார். வீம்பு. ஒரு நிமிடம் போகும். அந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் 'ஓவர்' வரும். அப்புறம்தான் இவர், சாப்பிட்டேன், ஓவர் என்பார். ஒன்பது வீடுகளில் சிரிப்பு கேட்கும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பெட்டிகளுக்குப் பேசும்போது காது கேட்காது. பேசும் பொத்தான் அழுந்தியிருக்கும் வரை உங்கள் குரல் எல்லாருக்கும் போகும், உங்களை யார் கூப்பிட்டாலும் உங்களுக்கு விழாது. இதை முதல் நாள் விளக்கியபோதே, "இது உங்க வீட்டு ஆளுங்க குணமாச்சே" என்றாள் அவள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம், பூட்டுக்கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். தையற்கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. சாவி ஒன்றுக்கு நூல் கயிறு கேட்கப் போனவர், டெய்லரம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தூங்குகிறாள் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறார். அப்புறம் ஏதோ உறுத்த மறுபடி போய்ப் பார்த்திருக்கிறார். லிஃப்ட்காரர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி மோதிப் பின்னாலிருந்த பெரிய மேசையே ஆடி, மேலே இருந்தவை கடகடவென்று கீழே விழுந்தன. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடினார். ஆஸ்பத்திரி அங்கிருந்து ஐந்து நிமிடம்தான். ஆனால் உயிர் ஏற்கெனவே போயிருந்தது.

ஒரு நொடியில் முடிந்திருக்கும், வலியே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். எல்லா டாக்டர்களும் எல்லாருக்கும் சொல்வதுதான். ஆனால் லிஃப்ட்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வலித்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். தலைக்கு மேலே செட் இருந்தது, நான் இங்கேயே உட்கார்ந்திருந்தேன், கூப்பிடவில்லை, ஆகவே வலிக்கவில்லை. இந்தக் கணக்கு அவரை எட்டு மாதம் சோறு தின்ன வைத்தது. கடைச் சுவரிலிருந்து மைக் அதன் சுருள் வயரில் தொங்கிக்கொண்டிருந்ததை அன்றைக்கு அவர் பார்த்தார். பார்த்ததும், கை தட்டி விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதோடு விட்டுவிட்டார்.

சங்கத்திலும் அன்றைய மத்தியானத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. துக்கம் கேட்க ஒன்பது பேரும் வந்தார்கள், தோளைத் தொட்டார்கள், தரையைப் பார்த்தார்கள். காலை ஏழு மணிக்கு டெய்லரம்மாவின் பெயர் வரும் இடத்தில் பல் டாக்டர் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போவார்.

போன வாரம் மகள் போன் செய்தாள். வேறு ஊரில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. வழக்கமாகச் சாப்பாடு, மாத்திரை, குழந்தையின் சளி என்று பேசுகிறவள் அன்றைக்கு இழுத்து இழுத்துப் பேசினாள். போன் மாற்றியதில் அம்மா பேசி அனுப்பிய மெசேஜெல்லாம் அழிந்துவிட்டதாம். "அம்மா குரல் எனக்கு மறந்துபோகுதுப்பா. முகம் இருக்கு, குரல் வரமாட்டேங்குது. உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

நாற்பத்து மூன்று செட் வைத்திருக்கிறவரிடம் மனைவியின் குரல் ஒரு துளி இல்லை. வாழ்நாள் முழுக்கக் குரலைப் பிடித்து விட்டவர், ஒன்றையும் பிடித்து வைக்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. அப்போதுதான் கோப்பு நினைவுக்கு வந்தார்.

கோப்பு, சங்கத்தில் எட்டாவது ஆள். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆயுசெல்லாம் கோப்புகளைப் பார்த்தவர், ஓய்வு பெற்ற பின் காற்றையும் கோப்புப் போட ஆரம்பித்தார். யாராவது பேசும் பொத்தானை அழுத்தினால் தானே ஓடி, விட்டால் தானே நிற்கும் டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தன் செட்டோடு இணைத்திருந்தார். சங்கத்தில் யார் என்ன பேசினாலும் கேசட்டில் ஏறும். ஒவ்வொரு கேசட் முதுகிலும் தேதி, கிழமை, நேரம், கறுப்பு மையில். கேட்கிறவர் யாருமில்லாத இந்தக் கேசட்டுகள் எதற்கு என்று சங்கமே கேலி செய்யும். அவர் வீடு தையற்கடைக்கு நேர் பின்புறம்.

லிஃப்ட்காரர் போய் விஷயத்தைச் சொன்னதும் கோப்பின் முகம் வெளுத்தது. டீ போடுகிறேன் என்று உள்ளே போனவர் டீ இல்லாமலே திரும்பி வந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவர்போல ஷூ பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். டெய்லரம்மா குரல் உள்ள கேசட்டுகளாம், பன்னிரண்டு. கடைசி வருடத்தது மொத்தமும் அதில் இருந்தது. லிஃப்ட்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்தார். தேதிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வந்து, அவள் போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாளோடு நின்றுவிட்டன.

ஒரு நாள் குறைகிறதே, அன்றைக்குக் காலையிலும் ஆஜர் சொன்னாளே என்றார். அன்றைக்கு டேப் சிக்கிக்கொண்டது என்றார் கோப்பு. உடனேயே, இல்லை, கரண்ட் இல்லை என்றார். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தாளைத் தொலைக்காத மனுஷருக்குப் பொய் மட்டும் கைவரவில்லை.

"அவ கூப்பிட்டாளா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

கோப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அழுதுகொண்டேதான் சொன்னார். அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. ராத்திரி வந்து டேப்பைப் போட்டுக் கேட்டபோது எல்லாம் முடிந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. அன்று மத்தியானம் லிஃப்ட்காரரின் மேசை மைக் அழுந்திக் கிடந்திருக்கிறது. எதையோ அதன்மேல் வைத்திருக்கிறார். முக்கால் மணி நேரம் அவர் அறையின் சத்தம் எல்லா வீடுகளிலும் கேட்டிருக்கிறது. மற்றவர்கள், ஐயா பொத்தானை மறந்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டு செட்டை அணைத்துவிட்டார்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் பேசினால், கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் குரல்தான் மேலே வரும். டெய்லரம்மாவின் குரல் மேலே வந்தது கோப்பு வீட்டில் மட்டும்தான். அங்கே கேட்க ஆளில்லை, டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் ஒன்பது பேரும் கூடிப் பேசி, இதை லிஃப்ட்காரர் காதுக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

லிஃப்ட்காரருக்கு எது என்று தெரிந்துவிட்டது. டாக்ஸி செட். அன்றைக்கு அதைப் பிரித்து, அதன் இரும்பு மூடியைக் கழற்றி எங்கேயோ வைத்தார். அவர் முதுகுப் பக்கம், பெரிய மேசையில். மைக்கின் மேலே.

"போடுங்க" என்றார்.

வேண்டாம், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்றார் கோப்பு. லிஃப்ட்காரர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் கோப்பு பீரோவைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்தார். அதன் முதுகிலும் தேதி, கிழமை, நேரம் எழுதியிருந்தது.

முதலில் ஸ்க்ரூ கழலும் சத்தம். யாரோ சுருதி சேராமல் பாட்டு முனகுகிறார்கள். அது தான்தான் என்று புரிய லிஃப்ட்காரருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதை நறுக்கென்று வெட்டிக்கொண்டு அவள் குரல் வந்தது.

"லிஃப்ட், லிஃப்ட், டெய்லர் பேசறேன். என்னங்க."

மறுபடி முனகல். "என்னங்க, பாடறது கேக்குது. பதில் சொல்லுங்க." மறுபடி முனகல். சிறிது நேரம் கழித்து, "சரி சரி. ஓவர். சொல்லிட்டேன், போதுமா? ஓவர்."

லிஃப்ட்காரர் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"விளையாடாதீங்க. ஒரு மாதிரி பண்ணுது. வேர்த்துக் கொட்டுது. போனையும் வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். ஓவர்." ஒவ்வொரு தடவையும் சொன்னாள். ஆறு வருடமாக வராத அந்த வார்த்தையை அன்றைக்கு ஒரு தடவைகூட மறக்கவில்லை.

அப்புறம் அவருடைய குரல், கனிந்த குரல், கேசட்டிலிருந்து கேட்டது. "எங்க வலிக்குது கண்ணு? சொன்னாத்தானே தெரியும்."

டேப்பில் ஒரு சின்னச் சிரிப்பு. களைத்துப்போன சிரிப்பு. "கண்ணா? இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா? நெஞ்சுலதாங்க. இடது பக்கம். கை வரைக்கும் இழுக்குது. பூட்டுக்கடைக்காரரைக் கூப்பிடட்டுமா? ஓவர்."

"கொஞ்சம் பொறு. இதோ வந்துட்டேன்."

நாற்காலி பின்னால் நகரும் சத்தம். செருப்புச் சத்தம் நடந்து நடந்து தூரமாகப் போய்த் தேய்ந்தது. ஈயக் கம்பி தீர்ந்துவிட்டது என்று அவர் பின்னறைக்குப் போனது அப்போதுதான். போனவர் அப்படியே அடுப்பைப் பற்றவைத்து டீயும் போட்டுக் குடித்தார்.

"கிளம்பிட்டீங்க. சத்தம் கேக்குது" என்றாள் அவள். குரலில் இருந்த பதற்றம் போய்விட்டிருந்தது. "அப்போ அவரைக் கூப்பிடல. நீங்க வாங்க. கதவு திறந்துதான் இருக்கு. ஓவர்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வெகுநேரம் கழித்துச் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. டம்ளரை வைக்கும் சத்தம், மறுபடி முனகல், திடீரென்று டாக்ஸி செட் கரகரவென்று உயிர்பெறும் சத்தம். சந்தோஷம் தாங்காமல் ஒருவர் கைதட்டி விசில் அடித்தார். கோப்பு எட்டி டேப்பை நிறுத்தினார்.

லிஃப்ட்காரர் அழவில்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டார். அவள் கடைசியாகப் பேசியதற்கும் பூட்டுக்கடைக்காரர் வந்ததற்கும் நடுவில் இருபத்தாறு நிமிடம் என்றார் கோப்பு. அவர் அதையும் குறித்து வைத்திருந்தார். இருபத்தாறு நிமிடத்தில் மூன்று தடவை கடைக்குப் போய்வரலாம். பூட்டுக்கடைக்காரர் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருந்தார். இவர் வாயை மூடிக்கொண்டு ரிப்பேர் பார்த்திருந்தால் அவள் கத்தியிருப்பாள், சுவரைத் தட்டியிருப்பாள், தெருவுக்கு வந்திருப்பாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போலக் கதவைக் குத்தியிருப்பாள். அவர் குரல் கேட்டதனால்தான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அழித்துவிடட்டுமா என்று கோப்பு கேட்டார். வேண்டாம் என்று அந்தக் கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷூ பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்ட்காரர் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, கோப்பின் வீட்டிலிருந்து எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பார் என்பதுபோல மூடிக்கிடந்த தையற்கடையின் பின்சுவர் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மேசைமுன் உட்கார்ந்தார். டாக்ஸி செட் பூப்போட்ட உறையைப் போட்டுக்கொண்டு அலமாரியில் இருந்தது. அன்றைக்குச் சரியானதுதான், இன்றுவரை ஒரு கோளாறும் இல்லை. அதைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் என்று போனவர், உறையின் தையலைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். குரல் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது, பன்னிரண்டு கேசட், நாளைக்கே அனுப்புகிறேன் என்றார். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். அம்மா 'ஓவர்' சொல்லாமல் ஏமாற்றுவது அதில் இருக்கிறதா என்று கேட்டாள். நிறைய இருக்கிறது என்றார்.

சிரிப்பு அடங்கியதும், "அன்னைக்கு அம்மா உங்களைக் கூப்பிட்டாங்களாப்பா?" என்றாள். எட்டு மாதமாக மனசில் வைத்திருந்த கேள்வி அது என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நேற்றுவரை அதுதான் அவருக்கும் உண்மை.

"கூப்பிட்டா" என்றார். "நெஞ்சு வலின்னா. பொறு, இதோ வந்துட்டேன்னு சொன்னேன்."

மகள் நீளமாக மூச்சு விட்டாள். "அது போதும்ப்பா. அப்போ அம்மா பயந்திருக்க மாட்டாங்க. நீங்க வரீங்கன்னு தெரிஞ்சுதான் போயிருக்காங்க. இத்தனை நாள் அவங்க தனியா பயந்து பயந்து போனாங்களோன்னு தூக்கமே இல்ல எனக்கு. இதை ஏம்ப்பா முன்னாடியே சொல்லல?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார். மகள் சொன்னது பொய்யில்லை. டெய்லரம்மா பயப்படவில்லை, நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். இந்த இடத்தில் நிறுத்தினால் மகள் தூங்குவாள். போனின் அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். பிறகு, "வந்துட்டேன்னு சொன்னேன்மா. ஆனா போகல" என்றார்.